காளை எத்தனை லிட்டர் கறக்கும்?

கேம்பஸ் இன்டர்வியூவில் கடைசி ரவுண்டு வரைக்கும் வந்துட்டீங்க. எதிரில் உட்கார்ந்திருக்கிறவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்கிறார்: "நல்ல காளை ஒன்று ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் பால் கறக்கும்?"

சிரிச்சுட்டீங்களா? வேலை போச்சு! ஏன்னா, உலகம் முழுக்க மாட்டுப் பண்ணைக்காரங்களும் விஞ்ஞானிகளும் பல தலைமுறையா மண்டையைப் பிய்த்துக்கொண்ட கேள்வியே இதுதான். அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச பதில், விருதுநகர் மாவட்டத்தில் மாடு கட்டியிருக்கும் ஒவ்வொரு வீட்டு பட்ஜெட்டையும் தொடுகிற பதில்.

எங்க மாவட்டம்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சிவகாசிப் பட்டாசு, சாத்தூர் காராச்சேவு, விருதுநகர் பரோட்டா, ராஜபாளையம் நாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. கடைசியா சொன்ன பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஆனா அந்தப் பால் எங்கிருந்து வருதுன்னு யாரும் கேட்கிறதில்லை. பட்டாசுக் கட்டு ஒட்டுற அதே கைதான் சாயங்காலம் மடியைக் கழுவிக் கறக்குது. தீபாவளி முடிஞ்சா ஆலைகள் சில வாரம் மூடும். அடைமழை பிடிச்சா வெடி காயாது, வேலையும் இருக்காது. அந்த நாட்களில் வீட்டில் கைக்குக் காசு வர்ற ஒரே வழி பால் சங்கத்துப் பட்டுவாடாதான். மளிகைக் கடை பாக்கி, தம்பியோட ஸ்கூல் ஃபீஸ், நம்ம செமஸ்டர் ஃபீஸ்னு எல்லாம் அந்த நாலு காம்பிலிருந்துதான் வருது.

மாடு வாங்கப் போறவங்க முதலில் கேட்பது, "எத்தனை லிட்டரு கறக்கும்ணே?" பல்லைப் பிடித்துப் பார்ப்பாங்க, மடியைத் தடவிப் பார்ப்பாங்க, சுழி பார்ப்பாங்க. ஆனா அதே வீட்டில் மாட்டுக்குச் சினை ஊசி போடும்போது நடக்கிற உரையாடலைக் கேளுங்க.

"தம்பி, நல்ல ஊசியா போடுப்பா."

"நல்ல ஜெர்சிதான்க்கா. கவலைப்படாதீங்க."

அவ்வளவுதான். மேட்டர் ஓவர். எந்தக் காளை, அதோட நம்பர் என்ன, அதுக்குப் பிறந்த மகள்கள் எவ்வளவு கறந்தது... எதுவும் கேட்கப்படலை.

நாலு வருஷ டிகிரி

இதில் என்ன பெரிய விஷயம்னு கேட்கிறீங்களா? கணக்கு போடுவோம். இன்ஜினீயரிங் பசங்களுக்குக் கணக்குதானே சோறு!

இன்று சினை ஊசி போட்டால், கன்று பிறக்க சுமார் 280 நாள். பிறந்த கிடேரி வளர்ந்து, பருவத்துக்கு வந்து, சினை பிடித்து, முதல் ஈத்து ஈனுவதற்கு இரண்டரை முதல் மூன்று வருஷம். அது எவ்வளவு கறக்குதுன்னு முழுசா தெரிய இன்னும் பத்து மாசம். கூட்டினா நாலு வருஷத்துக்கு மேல. அதாவது ஒரு முழு பி.இ. டிகிரி! நீங்க கவுன்சலிங்கில் சீட் எடுத்த வாரம் போட்ட ஊசிக்கு, நீங்க பட்டம் வாங்கும்போதுதான் ரிசல்ட் வரும். இடையில் ரீவேல்யுவேஷனும் கிடையாது, சப்ளிமென்டரியும் கிடையாது. அரியர் விழுந்தா, நாலு வருஷத் தீவனச் செலவும் அம்மாவோட உழைப்பும் சேர்ந்தேதான் விழும்.

அந்த ஊசியில் இருப்பது ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய். பெயர் ஸ்ட்ரா. கொள்ளளவு கால் மில்லி. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரி குளிரில் அதைப் பாதுகாத்துக் கொண்டுவருவார்கள். அதன் மேலேயே காளையின் நம்பரும் இனமும் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். பிறக்கப் போகிற கன்றுக்குப் பாதி மரபணு அந்தக் கால் மில்லியிலிருந்து வருது. ஷாம்பு சாஷேயில்கூட பின்பக்கம் திருப்பிப் படிக்கிற நாம, இதைப் படிக்காமலே குப்பையில் போடுறோம்.

கறக்காத மாட்டுக்கு மார்க் போடுவது எப்படி?

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். காளை கறக்காது. ஆனா பாலுக்கான ஜீன்கள் அதுகிட்டயும் இருக்கு. பசுவுக்கு எவ்வளவு இருக்கோ அதே அளவுக்கு. அது வெளியே தெரியாது, அவ்வளவுதான். தெரியாத ஒன்றுக்கு மார்க் போடுவது எப்படி?

ஒரு வழி, காளையோட அம்மாவைப் பார்ப்பது. "இதோட தாய் ஒரு ஈத்துக்கு 4,500 லிட்டர்"னு விளம்பரமாகச் சொல்வாங்க. கேட்டதும் கண்ணு விரியும். கொஞ்சம் பொறுங்க.

பால் அளவின் மரபு விகிதம் சுமார் 0.3. அப்படின்னா என்ன? ஒரே மந்தையில் ஒரு மாடு நிறைய கறக்குது, இன்னொன்று குறைவா கறக்குதுன்னா, அந்த வித்தியாசத்தில் சுமார் 30 சதவீதத்துக்குத்தான் பிறப்போடு வந்து பிள்ளைக்கும் போகிற ஜீன்கள் காரணம். மிச்சமெல்லாம் தீவனம், தண்ணீர், வெயில், நோய், கவனிப்பு, கொஞ்சம் அதிர்ஷ்டம். இதை வைத்து அந்த 4,500ஐ உரிப்போம். அந்த மந்தையோட சராசரி 3,000 லிட்டர்னு வைத்துக்கொள்ளுங்கள். தாய் 1,500 லிட்டர் கூடுதல். அதில் ஜீனால் வந்ததாக நம்பக்கூடியது 30 சதவீதம், அதாவது 450. அதில் பாதிதான் மகனான காளைக்குப் போகும்: 225. அதிலும் பாதிதான் காளையின் மகளுக்கு, அதாவது உங்க வீட்டுக் கன்றுக்கு: 112 லிட்டர் சொச்சம். ஒரு ஈத்தை 305 நாளாகக் கணக்கிடுவது வழக்கம். வகுத்துப் பாருங்க. நாளைக்கு ஒரு டம்ளர் சொச்சம்! 4,500 என்ற பிரமாண்ட நம்பர் நம்ம தொழுவத்துக்கு வந்து சேரும்போது ஒரு டம்ளராகிடுது.

அப்போ என்னதான் வழி? மகள்களைப் பார்க்கணும். காளையின் விந்தை ஊர் ஊராகக் கொடுத்து, பல வீடுகளில் பல விதக் கவனிப்பில் வளரும் மகள்களின் பாலை அளந்து, அதே ஊரில் உள்ள மற்ற மாடுகளோடு ஒப்பிட்டு, காளைக்கு மார்க் போடுவது. இதுக்குப் பெயர் சந்ததிச் சோதனை. தாயின் ஒரே ஒரு ஈத்து விவரத்தை வைத்து ஒரு காளையைக் கணித்தால் நம்பகம் 10 சதவீதம்கூட வராது. 100 மகள்களின் பாலை அளந்தால் அது ஏறக்குறைய 90 சதவீதத்துக்கு எகிறிடும். நம்ம இன்டர்னல் மார்க்குக்கும் யுனிவர்சிட்டி ரேங்குக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி!

இதில் ஒரே சிக்கல், நேரம். காளை வளர்ந்து, மகள் பிறந்து, மகள் ஈன்று, கறந்து முடிக்க ஆறேழு வருஷம் ஓடிடும். இதை உடைச்சது 2001இல் மியூவிசன், ஹேய்ஸ், கோடார்ட் என்ற மூன்று பேர் எழுதிய ஒரு கட்டுரை. டி.என்.ஏ. முழுக்க ஆயிரக்கணக்கான அடையாளப் புள்ளிகளை ஒரே நேரத்தில் படித்து, ஏற்கெனவே பால் அளந்த மாடுகளோடு ஒப்பிட்டால், பிறந்த கன்றுக்கே மார்க் போட்டுவிடலாம் என்றார்கள். 2009இல் அமெரிக்கா தன் ஹோல்ஸ்டீன் காளைகளுக்கு அதிகாரபூர்வமாக இதைச் செயல்படுத்தியது. மாட்டின் முழு மரபணு வரிசை வெளியானதும் அதே 2009இல்தான். காதோரத்தில் துளி சதையோ, வேரோடு பிடுங்கிய நாலு முடியோ போதும், ஜாதகம் கணித்துவிடுவார்கள்.

ஜீன், டி.என்.ஏ.ன்னு வார்த்தை தெரியாத காலத்திலேயே இதோட பாதி வேலையை நம்ம ராஜபாளையத்துக்காரங்க செய்திருக்காங்க. வெள்ளை வெளேர்னு, இளஞ்சிவப்பு மூக்கோட ஒரு வேட்டை நாய் இனம் தானா வந்துடலை. எந்தக் குட்டியை வைத்துக்கொள்வது, எதை எதோடு சேர்ப்பதுன்னு பல தலைமுறையா யாரோ பார்த்துப் பார்த்து முடிவெடுத்திருக்காங்க. ஆனா நாய் விஷயத்தில் கண்ணால் பார்த்து முடிவெடுக்கலாம். பால் விஷயத்தில் காளையைப் பார்த்தால் ஒண்ணும் தெரியாது. அதனால்தான் நோட்டும் தராசும் தேவைப்படுது.

பால்கோவா ஜீன்!

பால் அளவை முடிவு செய்வது ஒரே ஒரு ஜீன் இல்லை. ஆளுக்கொரு துளி போடும் பல நூறு, ஆயிரம் ஜீன்கள். ஆனா அந்தக் கூட்டத்தில் ஒரு ஹீரோ உண்டு. மாட்டின் 14ஆவது குரோமோசோமில் இருக்கும் டி.ஜி.ஏ.டி.1. பாலில் கொழுப்பு உருவாகும் வேலையில் இதற்குப் பெரிய பங்கு. இது உருவாக்கும் புரதத்தில் 232ஆவது இடத்தில் லைசின் இருந்தால் பாலில் கொழுப்பு கூடும். அதே இடத்தில் அலனின் இருந்தால் கொழுப்பு குறைந்து பால் அளவு கூடும். ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினதுக்கு இவ்வளவு அலப்பறை! 2002இல் இதைக் கண்டுபிடித்தார்கள்.

இப்போ சுவாரஸ்யமான இடம். 2006இல் வெளியான ஒரு ஆய்வில், இந்திய மாட்டு இனங்களையும் எருமை இனங்களையும் சோதித்தபோது, எல்லாவற்றிலும் அந்தக் கொழுப்பு வகையான லைசின்தான் இருந்தது. நம்ம பாட்டிங்க, "நாட்டு மாட்டுப் பாலு கொஞ்சந்தான், ஆனா திக்கு"ன்னு சொன்னதுக்குப் பின்னால் இப்படி ஒரு கெமிஸ்ட்ரியும் இருக்கு.

இது எதுக்கு நமக்கு? சங்கத்தில் பாலை ஊற்றும்போது அளவு மட்டும் பார்க்கிறதில்லையே, கொழுப்பும் கொழுப்பு அல்லாத திடப்பொருளும் பார்த்துத்தானே விலை! பால்கோவா போடுகிறவங்களைக் கேட்டா இன்னும் தெளிவா சொல்வாங்க. பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர். கடாயில் கிண்டக் கிண்ட அது ஆவியாகிப் போயிடும். மிஞ்சுவது திடப்பொருள். 12 சதவீதத் திடப்பொருள் உள்ள பால் 100 லிட்டரில் சுமார் 12 கிலோ மிஞ்சும். 14 சதவீதம் என்றால் 14 கிலோ. விறகும் ஆள்கூலியும் இரண்டுக்கும் ஒன்றுதான். கறுப்பு வெள்ளை ஹோல்ஸ்டீன் குடம் குடமா கறந்தாலும், செவலை ஜெர்சியின் பால் கெட்டியாக இருப்பதுக்கு இந்த மாதிரி ஜீன் வித்தியாசங்கள்தான் காரணம். கொழுப்புச் சதவீதத்தின் மரபு விகிதம் சுமார் 0.5. அதாவது பால் அளவைவிடக் கொழுப்பை ஜீன் மூலம் மாற்றுவது சுலபம். ஆக, "எத்தனை லிட்டர்?"ங்கிற கேள்வியே பாதிக் கேள்விதான். "எத்தனை லிட்டர், என்ன ஃபேட்?"னு கேட்டாத்தான் முழுக் கேள்வி.

நமத்துப்போன சரவெடி

சிவகாசிக்காரங்களுக்கு இதை விளக்க ரொம்ப ஈஸி. மருந்துக் கலவை பக்காவா இருக்கு, திரி சூப்பரா இருக்கு, கட்டினதும் கரெக்ட். ஆனா பெட்டியை ஈரத் தரையில் வைச்சுட்டீங்க. பத்த வைச்சா? புஸ்ஸ்ஸ்! குற்றம் மருந்துமேலயா, தரைமேலயா?

மாட்டுக்கும் அதேதான். ஜீன் மருந்து மாதிரி. தொழுவம், தீவனம், தண்ணீர், வெயில் எல்லாம் தரை. இதில் ஒரு வேடிக்கையைக் கவனிங்க. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தபோது, அந்தத் தொழிலுக்குக் கைகொடுத்தது இந்த மண்ணோட வறட்சிதான். மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு, குச்சியும் வெடியும் நல்லா காயும். பட்டாசுக்கு வரமான அதே வெயில்தான் பசுமாட்டுக்குச் சோதனை!

ஜெர்சியோட சொந்த ஊர் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் இருக்கும் ஒரு குளிர்ந்த தீவு. ஹோல்ஸ்டீன் நெதர்லாந்து, வட ஜெர்மனிப் பக்கம். நிறைய கறக்கும் மாடு நிறைய சாப்பிடும், நிறைய சாப்பிட்டால் உடம்பில் சூடும் நிறைய உருவாகும். குளிர்நாட்டில் அது பிரச்சினை இல்லை. சாத்தூர் பக்கம் மே மாச மத்தியானத்தில், தகரக் கொட்டகையில்? மூச்சிரைக்கும், தீவனத்தைக் குறைக்கும், பாலைக் குறைக்கும், பருவம் சரியா காட்டாது, சினை நிற்காது. "மூணு ஊசி போட்டாச்சு, நிக்கவே இல்ல"ன்னு புலம்பல் கேட்டிருப்பீங்களே!

நம்ம நாட்டு மாடுகள் வெயிலுக்கும் உண்ணிக்கும் காய்ஞ்ச தட்டைக்கும் ஆயிரக்கணக்கான வருஷமா பழகினவை. அதனால்தான் இரண்டையும் கலந்தார்கள். முதல் கலப்பில் பாதிக்குப் பாதி. அந்தத் தலைமுறையில் கலப்பு வீரியம் முழுசா இருக்கும். பால் ஜீன் அங்கிருந்து, தாக்குப்பிடிக்கும் ஜீன் இங்கிருந்து. இதுவரைக்கும் சூப்பர்.

அடுத்த தலைமுறையில்தான் கதை மாறுது. 50 சதவீத மாட்டுக்கு மறுபடி சுத்த ஜெர்சி ஊசி போட்டால் கன்று 75 சதவீதம். அதுக்கும் சுத்த ஜெர்சி போட்டால் 87.5. பார்க்க ஜம்முன்னு இருக்கும். ஆனா வெயில் தாங்கும் பாதி கரைஞ்சு எட்டில் ஒரு பங்கா ஆகியிருக்கும். நம்ம சமவெளிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 50 முதல் 62.5 சதவீதம் அயல் ரத்தம். 62.5 எப்படி வரும்? 75 சதவீத மாட்டுக்கு, 50 சதவீதக் கலப்பினக் காளையின் ஊசி. கூட்டி இரண்டால் வகுங்க, சரியா வருதா? அப்படிக் கலப்பினக் காளை ஊசியும் இருக்கு. ஆனா கேட்டாத்தானே கிடைக்கும்! எங்க பக்கம் கலப்பின மாடு எல்லாத்தையுமே "சிந்து மாடு"ன்னு ஒரே பேரில் கூப்பிடுவாங்க. அதில் சிந்தி எவ்வளவு, ஜெர்சி எவ்வளவுன்னு வீட்டில் யாருக்கும் தெரியாது. ரத்தக் கணக்கு தெரியாமல் ஊசி போடுறது, மருந்து அளவு தெரியாமல் வெடி கட்டுற மாதிரி.

வெயிலுக்கும் ஜீன் பக்கம் ஒரு தீர்வு தேடுறாங்க. கரீபியன் தீவுகளில் உருவான செனிபோல் மாட்டுக்கு முடி ரொம்பக் குட்டையா, வழவழன்னு இருக்கும். புரோலாக்டின் ஏற்பி ஜீனில் ஒரு மாற்றம்தான் காரணம்னு 2014இல் தெரிந்தது. ஸ்லிக் என்று பெயர். இந்த ஜீன் வந்து சேர்ந்த ஹோல்ஸ்டீன் மாடுகள் வெயிலை நல்லா தாங்குது. ஆனா அதுவரைக்கும்? வேப்ப மர நிழலும், ஓலைக் கூரையும், எந்நேரமும் தொட்டி நிறையத் தண்ணீரும்தான் நம்ம ஊர் டெக்னாலஜி. மரபு விகிதம் 0.3 சொல்ற பாடமும் இதுதான்!

ஒரு சூப்பர் ஸ்டார் காளையின் கதை

"அப்போ உலகத்திலேயே பெஸ்ட் காளை ஒன்றைப் பிடிச்சு, எல்லா மாட்டுக்கும் அதையே போட்டா?" நல்ல கேள்வி. அமெரிக்காவில் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார்கள்.

1962இல் பிறந்த ஒரு ஹோல்ஸ்டீன் காளை. பெயர் பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப். மகள்கள் 16,000. பேத்திகள் 5 லட்சம். கொள்ளுப் பேத்திகள் 20 லட்சத்துக்கும் மேல! பாலில் கலக்கியது சீஃப் வம்சம். ஆனா அந்தக் காளையிடம் யாருக்கும் தெரியாத ஒரு பழுதான ஜீன் இருந்தது. ஒரு பிரதி மட்டும் இருந்தால் ஒன்றும் ஆகாது. தாய், தகப்பன் இரண்டு பக்கமும் அதே வம்சமாகி, இரண்டு பிரதியும் சேர்ந்தால் கரு வயிற்றிலேயே கலைந்துவிடும். உலகம் முழுக்க 5 லட்சத்துக்கு மேல் கருச்சிதைவுகள், 42 கோடி டாலர் நஷ்டம்னு 2016இல் கணக்குப் போட்டாங்க. அதே வம்சம் பாலால் கொடுத்த லாபம் 3,000 கோடி டாலர் என்பதும் அந்தக் கணக்கிலேயே இருக்கு. ஹீரோவா வில்லனா? ரெண்டும்தான்!

இந்தக் கதை நம்ம தொழுவத்துக்கும் பொருந்தும். ஒரு காளையின் ஊசியில் பிறந்த கிடேரிக்கு, அது பருவத்துக்கு வரும்போது அதே காளையின் ஊசியைப் போட்டால்? அப்பாவுக்கும் மகளுக்கும் கல்யாணம் பண்ணி வைச்ச கணக்கு. பழுதான ஜீன்கள் ஜோடி சேரும் வாய்ப்பு எகிறும். இதைத் தடுக்க லேப் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். முதல் ஊசியின் காளை நம்பரை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் போதும்.

வெச்சூரைத் தேடிப் போன மாணவர்கள்

பால் பால்னு ஓடினதில் நம்ம பக்கம் பின்னுக்குப் போனவை சொந்த இனங்கள். சிவகங்கை, மதுரை, விருதுநகர் பக்கத்துப் புலிக்குளம் மாடு, ஜல்லிக்கட்டில் திமிலோட நிற்குமே, அதேதான். கன்றுக்குப் போக ஒன்றிரண்டு லிட்டர் தேறினால் பெரிசு. ஆனா அது பாலுக்கான மாடே இல்லை. வயலில் கிடை போட்டு உரத்துக்கும், உழவுக்கும், வண்டிக்கும் வளர்ந்த இனம். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மலையடிவாரத்தில் மேயும் மலைமாடுகளுக்கு இப்போ மேய்ச்சலே சிக்கல். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் வந்த பிறகு இன்னும் நெருக்கடி. இந்த மாடுகளைக் கறவைத் தராசில் நிறுத்தினால் ஃபெயில்தான் ஆகும். ஆனா அதுங்ககிட்ட இருக்கும் வெயில் தாங்கும் ஜீன், பஞ்சம் தாங்கும் ஜீன் எல்லாம் ஒரு தடவை போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது.

கேரளாவில் கிட்டத்தட்ட அப்படிப் போயிருக்கும். அங்கே 1961இல் வந்த சட்டம் நாட்டுக் காளைகளுக்குக் காயடிக்கச் சொன்னது. 1963இல் இந்தோ சுவிஸ் திட்டம் வந்து, பிரவுன் சுவிஸ் கலந்து சுனந்தினி என்ற கலப்பினம் உருவானது. பால் பெருகினது உண்மை. ஆனா உலகத்திலேயே குட்டி மாடான வெச்சூர் அழிவின் விளிம்புக்குப் போயிடுச்சு. 1989இல் கேரள வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியை சோசம்மா ஐப், தன் மாணவர்களோடு ஊர் ஊராக அலைந்து மிச்சம் இருந்த சில மாடுகளைத் தேடிப் பிடித்து, அந்த இனத்தையே மீட்டார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ. இங்கே கவனிக்க வேண்டியது, தேடி அலைந்தவர்கள் நம்மைப் போல காலேஜ் பசங்க. அசைன்மென்ட்டுன்னா இதுதாங்க அசைன்மென்ட்!

இன்னொரு பக்கம் பிரேசிலைப் பாருங்க. நம்ம குஜராத் கிர் மாட்டைக் கொண்டுபோனாங்க. 1985இல் கிர் காளைகளுக்குச் சந்ததிச் சோதனையைத் தொடங்கினாங்க. இன்று கறவைக் கிர் இனத்துக்கு உலகமே பிரேசிலைத் திரும்பிப் பார்க்குது. மாடு நம்மளுது, நோட்டு அவங்களுது. வித்தியாசம் அந்த நோட்டில்தான்.

நோட்டு வாங்குங்க!

இப்போ நம்ம நாட்டுக்கும் டி.என்.ஏ. சிப் வந்தாச்சு. அமெரிக்க ஹோல்ஸ்டீனுக்குச் செய்த சிப்பும் கணக்கும் காங்கேயத்துக்கோ, நம்ம ஊர்க் கலப்பினத்துக்கோ சரியா பொருந்தாது. அதனால் இந்திய மாடுகளுக்குன்னே கௌ சிப், எருமைகளுக்கு மகிஷ் சிப் என இரண்டை 2024 அக்டோபர் 5 அன்று மகாராஷ்டிராவின் வாஷிமில் பிரதமர் அறிமுகப்படுத்தினார். கிடேரிக் கன்றாகவே பிறக்க வைக்கும் பாலினம் பிரித்த விந்து ஊசியும் வந்தாச்சு. எக்ஸ் குரோமோசோம் உள்ள விந்தணுவில் டி.என்.ஏ. சுமார் 4 சதவீதம் அதிகம், அதை வைத்துப் பிரிக்கிறார்கள். சுமார் 90 சதவீதம் பெண் கன்று.

ஆனா சிப் தனியாக ஒண்ணும் சொல்லாது. "இந்த டி.என்.ஏ. உள்ள மாடு, இந்த ஊரில், இவ்வளவு கறந்தது"ன்னு லட்சக்கணக்கான உண்மைக் கணக்கு இருந்தால்தான் அது பேசும். அந்தக் கணக்கு எங்கே இருக்கு? வெம்பக்கோட்டையிலும் திருச்சுழியிலும் இருக்கும் தொழுவங்களில், அம்மாக்களோட மனசில். எழுதப்படாமல்! மாட்டுக் காதில் 12 இலக்க நம்பரோட மஞ்சள் தோடு பார்த்திருப்பீங்க. அதுதான் மாட்டோட ஆதார். அந்த நம்பருக்கு எதிரில் ஊசியும் ஈத்தும் பாலும் பதிவானால்தான் அது டேட்டா. இல்லேன்னா வெறும் பிளாஸ்டிக் கம்மல்.

ஸோ, அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறவங்களுக்கு ஒரு சின்ன ஹோம்வொர்க். வீட்டில் மாடு இல்லேன்னா சித்தி வீடு, பக்கத்து வீடு எதுவானாலும் ஓ.கே.

ஒரு நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் காதுத் தோட்டு நம்பர். சினை ஊசி போட்ட தேதி, ஸ்ட்ராவில் இருக்கும் காளை நம்பர், இனம். ஊசி போட்டதும் ஸ்ட்ராவைத் தூக்கிப் போடாமல் கேட்டு வாங்கி, பார்த்து எழுதுங்க. எத்தனை சதவீத அயல் ரத்தம்னு கால்நடை மருத்துவரிடம் கேட்டு எழுதுங்க. மாசத்தில் ஒரு நாள், காலை, சாயங்காலம் இரண்டு வேளைப் பாலையும் அளந்து எழுதுங்க. சங்கத்தில் சொல்ற ஃபேட்டையும் பக்கத்திலேயே எழுதுங்க. அம்மா எழுத மாட்டாங்கன்னா, சொல்லச் சொல்லி நீங்க போனில் குறிச்சுக்கோங்க. மாசத்துக்கு ஐந்து நிமிஷ வேலை.

இதனால் அடுத்த மாசமே பால் கூடிடுமா? கூடாது. நான்தான் சொன்னேனே, இது நாலு வருஷ கோர்ஸ். ஆனா அடுத்த தடவை ஊசி போட வர்ற அண்ணன்கிட்ட அம்மா, "நல்ல ஊசியா போடுப்பா"ன்னு சொல்ல மாட்டாங்க. "போன தடவை நம்பர் இது, அது வேண்டாம். மாடு முக்கா ரத்தம், அதனால கலப்பினக் காளை போடு. மகளுங்க எவ்வளவு கறந்துச்சுன்னு கணக்கு இருக்கிற காளை இருக்கா?"ன்னு கேட்பாங்க. அந்தக் கேள்வி கேட்கிற வீடு பெருகினால், கணக்குள்ள காளைகளும் பெருகித்தான் ஆகணும். பட்டாசு ஆலை மூடியிருக்கும் மழை மாசத்தில் அந்த வீட்டுக்குக் கிடைக்கிற ஒரு டம்ளர் கூடுதல் பால், யாரோ ஒருத்தரோட எக்ஸாம் ஃபீஸ்.

காளை எத்தனை லிட்டர் கறக்கும்னு இன்டர்வியூவில் கேட்டா இப்போ என்ன சொல்வீங்க? "மகளுங்க நோட்டைக் காட்டுங்க சார், சொல்றேன்!"

அடுத்த வாரம் வேற மேட்டரோட பார்ப்போம். வரட்டா!